இரண்டு பட்டியலையும் சார்ட் செய்தால் ஜோடி ஏன் சரியாக அமைகிறது, எப்போது அமையாது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் ஆன்ட்டி லாக்சோனென் உருவாக்கிய சிஎஸ்இஎஸ் என்ற கோடிங் பயிற்சித் தொகுப்பில் 'அப்பார்ட்மென்ட்ஸ்' என்று ஒரு கணக்கு இருக்கிறது. வீடு கேட்டுச் சிலர் விண்ணப்பித்திருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் வேண்டிய அளவு ஒன்று உண்டு. காலி வீடுகள் சில இருக்கின்றன, அவற்றுக்கும் அளவு உண்டு. கேட்டதைவிட 'கே' வரை கூடினாலும் குறைந்தாலும் விண்ணப்பித்தவர் ஒத்துக்கொள்வார். ஆளுக்கு ஒரு வீடு என்றால், அதிகபட்சம் எத்தனை பேருக்குக் கொடுக்கலாம்? இந்தக் கேள்வியைக் கேட்டவர் இரண்டு பட்டியலையும் சார்ட் செய்து, அதாவது அளவுப்படி வரிசைப்படுத்தி, பட்டியலுக்கு ஒன்றாக இரண்டு பாயின்டர் (எந்த இடத்தில் நிற்கிறோம் என்று காட்டும் எண்) வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். எல்லா டெஸ்ட் கேஸும் பாஸ். ஆனால் ஏன் சரியாக வருகிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. நண்பர் ஒருவர் கணக்கைக் கொஞ்சம் மாற்றி, ஆளுக்கு ஒரு கே என்று வைத்ததும் அதே கோட் தப்பான விடை தந்திருக்கிறது. அது ஏன் என்பது இரண்டாவது கேள்வி.

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில், அதாவது நிரூபணத்தில் இருக்கிறது. இப்படி ஒவ்வொரு படியிலும் அப்போதைக்கு நல்லதைத் தேர்ந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் போகிற முறைக்கு 'கிரீடி' என்று பெயர்; எல்லா டெஸ்டும் பாஸானால் தளம் சொல்வது 'அக்செப்டட்'. "கிரீடிக்கு நிரூபணம் எல்லாம் யார் பார்க்கிறார்கள், அக்செப்டட் வந்தால் போதாதா" என்று பலர் நினைப்பது எனக்குத் தெரியும். ஆனால் கணக்கை ஒரு இம்மி மாற்றினால் கோடில் எந்த வரியைத் தொட வேண்டும் என்பதை நிரூபணம்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் அதையே நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் அல்காரிதம்:

விண்ணப்பங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கு
வீடுகளையும் அப்படியே அடுக்கு
ஐ = 0, ஜே = 0, ஜோடி = 0
இரண்டில் ஒரு பட்டியல் தீரும்வரை:
    வீடு[ஜே] < கேட்டது[ஐ] − கே என்றால், ஜே-யை நகர்த்து
    வீடு[ஜே] > கேட்டது[ஐ] + கே என்றால், ஐ-யை நகர்த்து
    இரண்டும் இல்லையென்றால், ஜோடியில் 1 கூட்டு, இரண்டு பாயின்டரையும் நகர்த்து

அந்தக் கணக்கிலேயே கொடுத்திருக்கும் உதாரணத்தை ஓட்டிப் பார்க்கலாம். கேட்ட அளவுகள் 60, 45, 80, 60. வீடுகள் 30, 60, 75. கே 5. சார்ட் செய்தால் ஒரு பக்கம் 45, 60, 60, 80, இன்னொரு பக்கம் 30, 60, 75. 45 கேட்டவர் 40-க்குக் கீழே இறங்கமாட்டார், எனவே 30 வீடு கழிகிறது. அடுத்த வீடு 60. அவர் 50 வரைதான் ஏறுவார், எனவே இப்போது அவர் கழிகிறார். 60 கேட்டவருக்கு 60 வீடு, ஒரு ஜோடி. இன்னொரு 60-க்கு 75 பெரிது, அவரும் கழிகிறார். 80 கேட்டவர் 75 வரை இறங்குவார், 75 வீடு அவருக்கு. விடை 2.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் 2 லட்சம் வரை வரலாம் என்பது கணக்கின் வரம்பு. ஒவ்வொரு ஆளுக்கும் எல்லா வீட்டையும் பார்த்தால் 4,000 கோடி ஒப்பீடு ஆகிவிடும், ஒரு நொடியில் நடக்காது. சார்ட் செய்துவிட்டால் பாயின்டர்கள் நகர்வது மொத்தமே 4 லட்சம் தடவைக்குள். நேரம் பிடிப்பது சார்ட்தான், அதுவும் சில பத்து லட்சம் ஒப்பீடுகளில் முடிந்துவிடும். சி++ எழுதுகிறவர்கள் கவனிக்க: அளவும் சரி, கே-யும் சரி, 100 கோடி வரை போகலாம். கூட்டினால் 200 கோடி. சாதாரண 32 பிட் இன்ட் கொள்ளும் வரம்பு 214 கோடி சொச்சம். ஆக, நூலிழையில் தப்பிக்கிறது. வேறு கணக்கில் இந்த அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம்.

சரி, நிரூபணத்துக்கு வருவோம். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் நம் முன்னால் இருப்பது, மிச்சமிருப்பவர்களில் மிகச் சின்ன அளவு கேட்டவரும் மிச்ச வீடுகளில் மிகச் சின்ன வீடும். அவரைப் பாலு என்று வைத்துக்கொள்வோம், வீட்டுக்குச் சின்ன வீடு என்று பெயர்.

சின்ன வீடு பாலுவுக்கே போதவில்லை என்றால், அவரைவிடப் பெரிதாகக் கேட்ட வேறு யாருக்கும் போதாது. எல்லாருக்கும் கே ஒன்றுதான் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்லலாம். வீட்டைக் கழித்துவிடலாம். மாறாக, சின்ன வீடே பாலுவுக்குப் பெரிது என்றால், மிச்சமுள்ள மற்ற வீடுகள் இன்னும் பெரிது. பாலுவுக்கு வழியில்லை, அவரைக் கழிக்கலாம். இரண்டிலும் நாம் எதையும் இழக்கவில்லை.

மூன்றாவது நிலையில்தான் விஷயம் இருக்கிறது. சின்ன வீடு பாலுவுக்குப் பொருந்துகிறது, கையோடு கொடுத்துவிடுகிறோம். இப்படி அவசரப்பட்டதால் பின்னால் யாருக்கும் நஷ்டம் வராது என்று எப்படிச் சொல்வது?

மிகச் சிறந்த விடை ஒன்றை வேறு யாரோ நம் கையில் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாலுவுக்கு வேறொரு வீடு போயிருக்கிறது, அதைப் பெரிய வீடு என்போம். சின்ன வீடு செல்விக்குப் போயிருக்கிறது. இப்போது இருவரும் வீட்டை மாற்றிக்கொள்ளட்டும். பாலுவுக்குச் சின்ன வீடு பொருந்தும், அது நமக்கு ஏற்கெனவே தெரியும். செல்விக்குப் பெரிய வீடு பொருந்துமா? மேல் பக்கம் பாருங்கள்: பெரிய வீட்டைப் பாலு ஏற்றார், பாலுவின் உச்ச வரம்பைவிடச் செல்வியின் உச்ச வரம்பு குறைவில்லை, எனவே செல்விக்கு அது பெரிதாகாது. கீழ்ப் பக்கம்: செல்வி சின்ன வீட்டையே ஏற்றவர், பெரிய வீடு அதைவிடச் சிறிதல்ல, எனவே சிறிதென்று அவர் தள்ள முடியாது. மாற்றிக்கொண்ட பிறகும் ஜோடிகளின் எண்ணிக்கை அப்படியே நிற்கிறது.

அந்தச் சிறந்த விடையில் பாலுவுக்கு வீடே கிடைத்திருக்கவில்லை என்றால்? செல்வியிடமிருந்து சின்ன வீட்டை வாங்கிப் பாலுவிடம் கொடுங்கள். ஒருவர் போய் ஒருவர் வந்தார், எண்ணிக்கை குறையவில்லை. சின்ன வீடு யாருக்கும் போகாமல் பாலு வேறு வீட்டில் இருந்தால் அவரை இங்கே இடம் மாற்றுங்கள். இரண்டும் சும்மா கிடந்திருந்தால் அது சிறந்த விடையே அல்ல, இன்னொரு ஜோடி சேர்த்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் நாம் போட்ட ஜோடியை உள்ளடக்கிய ஒரு சிறந்த விடை உண்டு. மிச்சக் கணக்கு அதே மாதிரி, கொஞ்சம் சின்னது. அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? பாலுவுக்கு 'மிக நெருக்கமான' வீட்டைத் தேடவே இல்லை. புதிதாக எழுதுகிறவர்களில் பலர் இங்கேதான் சறுக்குவார்கள், ஏனென்றால் கேட்டதற்கு நெருக்கமாகக் கொடுப்பதுதான் நியாயம் என்று மனது சொல்லும். 50, 56 கேட்ட இருவர், 47, 52 என்று இரண்டு வீடு, கே 5 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 50-க்கு நெருக்கமானது 52. அதைக் கொடுத்தால் 56 கேட்டவர் நடுத்தெருவில். 50-க்கு 47-ஐக் கொடுத்தால் 56-க்கு 52 பொருந்திவிடும். கணக்கு கேட்பது எண்ணிக்கையைத்தான், மனநிறைவை அல்ல. வேறு யாருக்கும் உதவாத வீட்டை முதலில் தள்ளிவிடுகிற அல்காரிதம்தான் இங்கே ஜெயிக்கும்.

இனி இரண்டாவது கேள்வி. ஆளுக்கொரு கே. 50 கேட்ட ஒருவர் 1-தான் விட்டுக்கொடுப்பார், அதாவது 49 முதல் 51 வரை. 55 கேட்ட இன்னொருவர் 20 வரை விட்டுக்கொடுப்பார், 35 முதல் 75 வரை. வீடுகள் 40, 50. பழைய கோட் முதலில் 50 கேட்டவரைப் பார்க்கும். 40 அவருக்குச் சிறிது, கழி. 50-ஐ அவருக்குக் கொடு. 55 கேட்டவர் வரும்போது வீடு தீர்ந்துவிட்டது. விடை 1 என்கிறது, சரியான விடை 2.

எந்த வரி பொய்த்தது? "பாலுவுக்கே போதவில்லை என்றால் வேறு யாருக்கும் போதாது" என்ற வரி. கே ஆளுக்கு ஆள் மாறியதும் அந்த வாக்கியம் செத்துவிட்டது.

உடனே தோன்றுவது, கீழ் வரம்பை வைத்து சார்ட் செய்தால் என்ன? மேலே உள்ள உதாரணத்தில் அது வேலை செய்யும்: 35-இலிருந்து ஏற்பவர் முதலில் வந்து 40-ஐ எடுப்பார், மற்றவர் 50-ஐ எடுப்பார். ஆனால் வீடுகளை 50, 60 என்று மாற்றுங்கள். 35-இலிருந்து ஏற்பவர் 50-ஐத் தூக்கிக்கொண்டு போவார். 49 முதல் 51 வரை மட்டுமே ஏற்பவருக்கு மிஞ்சுவது 60. மறுபடி 1.

இப்போது நிரூபணத்தின் மூன்றாவது நிலையை மீண்டும் ஒரு தடவை படியுங்கள். செல்விக்குப் பெரிய வீடு பொருந்தும் என்று காட்ட நாம் பயன்படுத்தியவை இரண்டே இரண்டு: பாலுவின் உச்ச வரம்பு செல்வியுடையதைத் தாண்டாது, செல்வி சின்ன வீட்டை ஏற்றிருக்கிறார். கீழ் வரம்புகளின் வரிசையை அங்கே நாம் தொடவே இல்லை! அப்படியானால் உச்ச வரம்பை வைத்து சார்ட் செய்து, ஒவ்வொருவருக்கும் அவர் ஏற்கும் வீடுகளில் மிகச் சின்னதைக் கொடுத்தால் அந்தப் பகுதி அப்படியே நிற்கும். மாற வேண்டியது முதல் நிலை மட்டும்: பாலுவுக்குச் சிறிதான வீட்டை இனிமேல் தூக்கி எறியக் கூடாது, அடுத்தவருக்கு ஆகலாம். ஆகவே ஒரு பாயின்டர் போதாது, மிச்ச வீடுகள் எல்லாவற்றையும் வரிசை கலையாமல் வைத்திருந்து, "இந்த அளவுக்குக் குறையாத முதல் வீடு எது" என்று கேட்கிற வசதி வேண்டும்.

சி++-இல் அதற்கு மல்டிசெட் இருக்கிறது: ஒரே மதிப்பு பல தடவை வந்தாலும் எல்லாவற்றையும் வரிசை கலையாமல், உள்ளே ஒரு மரமாக அடுக்கி வைக்கும் தொகுப்பு. இரண்டு இடத்தில் கை சுடும். 'குறையாத முதல் வீடு எது' என்று தேடித் தருகிற லோயர்-பவுண்டை மல்டிசெட்டின் சொந்த ஃபங்ஷனாகக் கூப்பிட வேண்டும். சி++ நூலகத்தின் பொதுவான எஸ்டிடி லோயர்-பவுண்டுக்குத் தொடக்கத்தையும் முடிவையும் கொடுத்தாலும் விடை சரியாகத்தான் வரும், ஆனால் அது மரத்தில் இறங்காமல் ஒவ்வொன்றாக நடந்து போகும், நேரம் எகிறிவிடும். இன்னொன்று, கொடுத்த வீட்டை நீக்கும்போது மதிப்பைச் சொல்லி எரேஸ் செய்தால் அதே அளவுள்ள எல்லா வீடும் சேர்ந்து காணாமல் போகும். இடரேட்டரை, அதாவது அந்த ஒரு வீட்டின் இடத்தைக் காட்டுவதைக் கொடுத்து நீக்குங்கள், ஒன்று மட்டும் போகும்.

பைத்தானின் சொந்த நூலகத்தில் இப்படி வரிசை காக்கும் மல்டிசெட் இல்லை. அங்கே கணக்கை வீட்டுப் பக்கத்திலிருந்து பாருங்கள். வீடுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக எடுத்துக்கொண்டே போகவும். ஒவ்வொரு வீட்டுக்கும், கீழ் வரம்பு அந்த வீட்டின் அளவைத் தாண்டாதவர்களை ஒரு ஹீப்பில் (மிகச் சிறிய சாவி உள்ளவர் எப்போதும் மேலே நிற்கும் அமைப்பு) போடவும், ஹீப்பின் சாவி அவர்களது உச்ச வரம்பு. உச்ச வரம்பு இந்த வீட்டைவிடக் குறைந்துவிட்டவர்களை மேலிருந்து கழிக்கவும், இனி வரும் எந்த வீடும் அவர்களுக்கு ஆகாது. மிஞ்சியவர்களில் உச்ச வரம்பு மிகக் குறைந்தவருக்கு இந்த வீடு. ரயில் ரிசர்வேஷன் கவுன்டரில் "என் வண்டி இன்னும் பத்து நிமிஷத்தில்" என்பவரை முன்னால் விடுவதைப் போல, வாய்ப்பு சீக்கிரம் மூடுகிறவருக்கு முன்னுரிமை. இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. ஒவ்வொருவரும் ஏற்பவை வரிசையில் இடைவெளி இல்லாத ஒரு துண்டாக இருந்தால் இப்படிச் செய்யலாம் என்று ஃபிரெட் குளோவர் 1967-லேயே எழுதிவிட்டார்.

நண்பர் அடுத்து வாடகையையும் சேர்ப்பார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அளவு இவ்வளவுக்குக் குறையக் கூடாது, வாடகை இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது, இந்த இரண்டு நிபந்தனைதான் என்றால் இன்னும் தப்பிக்கலாம். வீடுகளை அளவுப்படி ஏறுவரிசையில் எடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும், அந்த அளவு போதும் என்பவர்களில், இந்த வாடகையைத் தரக்கூடியவர்களுக்குள் மிகக் குறைந்த பட்ஜெட்காரருக்குக் கொடுங்கள். அதே பாலு, செல்வி மாற்றல் இங்கும் நடக்கும்: பின்னால் வரும் வீடுகள் எல்லாம் அளவில் பெரியவை என்பதால் அந்தப் பக்கம் யாருக்கும் தடை வராது, பட்ஜெட்டை மட்டும் ஒப்பிட்டால் போதும். அட்கோடர் என்ற கோடிங் போட்டித் தளத்தின் ஏபிசி 091 போட்டியில் சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி என்று வேறு வேஷத்தில் வருவது இதே கணக்குதான். அங்கே புள்ளிகள் ஒரு பக்கத்துக்கு 100-தான் என்பதால் பலர் ஃப்ளோ (எந்த ஜோடிக் கணக்கையும் தீர்க்கும், ஆனால் மெதுவான பொது முறை) போட்டு முடித்துவிடுவார்கள், அதுவும் பாஸ் ஆகும்.

ஆனால் அளவுக்கு மேல், கீழ் இரண்டு வரம்பும் இருந்து, வாடகை வரம்பும் சேர்ந்தால் இந்த வாதம் உடைந்துவிடும். பின்னால் வரும் வீடு குறைந்த பட்ஜெட்காரருக்கு ஆகி, அதிக பட்ஜெட்காரருக்கு அளவில் மிஞ்சிப் போகலாம். யாருக்கு வாய்ப்பு குறைவு என்பதை ஒரே எண்ணால் சொல்ல முடியாத நிலை வந்துவிட்டது, சார்ட் செய்ய எதை எடுப்பது? அப்போது வரிசையை நம்பாமல் ஜோடி சேர்க்கும் பொது மேட்சிங்குக்குப் போக வேண்டியதுதான். ஆட்கள் ஒரு பக்கம், வீடுகள் ஒரு பக்கம் புள்ளிகளாக, பொருந்தினால் நடுவே ஒரு கோடு. கொடுத்ததைத் திருப்பி வாங்கி வேறு இடம் பார்த்துத் தருகிற ஆக்மென்டிங் பாத் முறை அங்கே வேண்டும். 1973-இல் ஹாப்க்ராஃப்ட்டும் கார்ப்பும் கொடுத்த அல்காரிதம் இதை வேகமாகச் செய்யும்: கோடுகளின் எண்ணிக்கையைப் புள்ளிகளின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும் அளவுக்குள். கைக்கு வந்தபடி கிரீடியாகக் கொடுத்துக்கொண்டே போனாலும், மேற்கொண்டு சேர்க்க ஒரு ஜோடியும் இல்லாத வரை போனால், சிறந்த விடையில் பாதிக்குக் குறையாது என்பது உறுதி. சில இடங்களில் அந்தப் பாதியே போதும். போட்டியில் போதாது.

"மொத்த வித்தியாசம் குறைவாக இருக்க வேண்டும்" என்பது வேறு கணக்கு, இதோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. ஆளும் வீடும் சம எண்ணிக்கை, எல்லாரும் எதையும் ஏற்பார்கள், வித்தியாசங்களின் கூட்டுத்தொகை குறைய வேண்டும் என்றால் இரண்டையும் சார்ட் செய்து முதலுக்கு முதல், இரண்டாவதுக்கு இரண்டாவது என்று கோத்தால் போதும். நெருக்கமானதை முதலில் பிடிப்பது இங்கேயும் காலை வாரும்: ஆட்கள் 10, 14, வீடுகள் 13, 20. 14-ஐயும் 13-ஐயும் முதலில் சேர்த்தால் வித்தியாசம் 1, மிச்சம் 10-உம் 20-உம், மொத்தம் 11. வரிசைப்படி கோத்தால் 3-உம் 6-உம், மொத்தம் 9. வித்தியாசத்தின் வர்க்கத்தைக் கூட்டினாலும் இதே வரிசைதான் சரி.

வர்க்கமூலத்தைக் கூட்டச் சொன்னால் அல்ல. ஆட்கள் 0, 10, வீடுகள் 10, 20 என்றால் வரிசைப்படி கோத்தால் 10-இன் வர்க்கமூலம் இரண்டு தடவை, 6.32. குறுக்கே கோத்தால் 20-இன் வர்க்கமூலமும் பூஜ்யமும், 4.47. தூரம் கூடக்கூடக் கட்டண வீதம் குறைகிற எந்தக் கணக்கிலும் இந்த வில்லங்கம் வரும். வீடுகள் ஆட்களைவிட அதிகமாக இருந்தாலும் வெறும் சார்ட் போதாது, எந்த வீட்டை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஆனால் சார்ட் வீணாகவில்லை: முதல் சில ஆட்கள், முதல் சில வீடுகள் என்று ஒரு டிபி (டைனமிக் புரோகிராமிங், அதாவது சின்னக் கணக்குகளின் விடையை எழுதி வைத்துப் பெரியதைக் கட்டுவது) அட்டவணை போட்டு, இந்த வீட்டை விடுவதா, கடைசி ஆளுக்குக் கொடுப்பதா என்று இரண்டில் எது குறைவு எனப் பார்த்தால் விடை வந்துவிடும். ஜோடிக்கு ஜோடி விலை தனித்தனியாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் கொடுத்திருந்தால் ஹரால்ட் கூன் 1955-இல் வெளியிட்ட ஹங்கேரியன் முறை. அதைத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் நண்பர் இன்னும் எதையாவது மாற்றிக் கொடுத்தால் நிரூபணம் எழுதும் முன்பே சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி. ஐந்து ஆள், ஐந்து வீடு, எண்கள் 1 முதல் 10 வரைக்குள் தோராயமாகப் போட்டு, எல்லா விதமாகவும் கொடுத்துப் பார்க்கிற முரட்டு கோட் ஒன்றை எழுதுங்கள். அதையும் உங்கள் கிரீடியையும் சேர்த்து ஒரு லூப்பில் ஓடவிட்டு, விடை வேறுபட்டதும் நிற்கச் சொல்லுங்கள். எண்களைச் சின்னதாக வைப்பது முக்கியம், அப்போதுதான் சமமான அளவுகளும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் வரம்புகளும் அடிக்கடி வரும். ஆளுக்கொரு கே கணக்கில் பழைய கோட் எங்கே தப்பும் என்பதை இந்த லூப் சட்டென்று காட்டிவிடும். கிடைக்கும் உதாரணமும் இரண்டு ஆள், இரண்டு வீடு அளவுக்குச் சுருக்கக்கூடியதாக இருக்கும், கையில் எழுதிப் பார்த்து எந்த வரி பொய்த்தது என்று தேட வசதி.